சிறுநீர்க் கசிவும் இடுப்புக்குள் வலியும்: இறுக்குவதா, தளர்த்துவதா?

இருமினால் சிறுநீர் சொட்டுகிறது என்று யாரிடம் சொன்னாலும் "கெகல் பயிற்சி செய்யுங்க" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வருகிறது. யூடியூபிலும் அதேதான். கெகல் என்பது இடுப்புத்தளத் தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி. அந்தத் தசை பலவீனமாகிவிட்டவர்களுக்கு அது நல்ல மருந்து, சந்தேகமில்லை. ஆனால் அதே தசை எந்நேரமும் இறுகிக் கிடக்கும் ஒருவர் கெகல் செய்தால் வலி கூடும், சிறுநீர் அவசரம் கூடும், சிலருக்குக் கசிவேகூட அதிகமாகும். எனவே எத்தனை முறை செய்வது என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: உங்கள் தசைக்கு இப்போது தேவைப்படுவது பலமா, தளர்வா?

இடுப்பெலும்புக்கு அடியில், முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும், தூளி கட்டியதுபோல் ஒரு தசைத்தளம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அந்த உறுப்புகளின் வாசல்கள் அதை ஊடுருவித்தான் வெளியே வருகின்றன. மூச்சை இழுக்கும்போது அது சற்றுக் கீழிறங்கும், விடும்போது மேலேறும். இருமல் வரும் நொடியில் தானாகவே இறுகும். சிறுநீரும் மலமும் போகும்போது முழுசாக விட்டுக்கொடுக்கும். இறுகவும் விடவும் இரண்டுமே தெரிந்த தசைதான் ஆரோக்கியமான தசை.

பயிற்சிக்கு முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், காய்ச்சலோடு எரிச்சல் இருந்தால், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தால், வீட்டுப் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் போங்கள். முதுகுவலியோடு சேர்ந்து தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, திடீரென்று சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் தெரியாமலே போனாலோ அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அது முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் கொண்டுபோய் விடும். கடினமான பிரசவத்துக்கோ கருப்பை அகற்றும் அறுவைக்கோ பிறகு இருமாமலே, அவசரமில்லாமலே, இரவும் பகலும் ஒழுகிக்கொண்டே இருந்தால் தசையைக் குறைசொல்லிப் பயனில்லை. சிறுநீர்ப்பையில் துளை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாத்திரைப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கான எனலாபிரில், ராமிபிரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். அந்த இருமல் இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் தோற்கும். சர்க்கரைக்குத் தரப்படும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் சிறுநீரின் அளவைக் கூட்டும். அம்லோடிபின் சிலருக்குக் காலில் வீக்கம் தரும். அந்த நீர் இரவு படுத்ததும் சிறுநீராக இறங்கும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

மூன்று நாள் கணக்கு

சமையலறைக்கு இனித் திரும்பப்போகாத 500 மில்லி அளவுக் குவளை ஒன்றும் ஒரு நோட்டும் போதும். மூன்று நாள், இரவும் சேர்த்து, குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு காலைப்பொழுது இப்படி இருக்கலாம்:

6.10 – 420 மி.லி.
7.00 – காபி ஒரு டம்ளர்
7.45 – 90 மி.லி., கிளம்பும் முன் சும்மா போனது
8.20 – பஸ் படி ஏறும்போது சில சொட்டு
9.30 – 110 மி.லி., அடக்க முடியவில்லை, வழியிலேயே கொஞ்சம் போய்விட்டது

இந்த ஐந்து வரியிலேயே நிறைய இருக்கிறது. 420 மில்லியைத் தாங்கும் பை நன்றாகவே இருக்கிறது. அதே பை 110 மில்லிக்கு அவசரப்படுகிறது என்றால் கோளாறு கொள்ளளவில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. படி ஏறும்போது கசிந்தது அழுத்தக் கசிவு. அடக்க முடியாமல் போனது அவசரக் கசிவு. இரண்டும் ஒருவருக்கே இருப்பது சாதாரணம். அப்போது எது அதிகம் தொல்லை தருகிறதோ அதிலிருந்து தொடங்குவது நல்லது.

பொதுவாகப் பகலில் ஆறு முதல் எட்டுத் தடவை, ஒரு தடவைக்கு 250 முதல் 400 மில்லி வரை போவது இயல்பு. ஒரு நாள் மொத்தம் இரண்டரை லிட்டரைத் தாண்டினால் அதிகமாகக் குடிக்கிறீர்கள், இல்லையென்றால் சர்க்கரை பார்க்க வேண்டும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால் கோளாறு பெரும்பாலும் பையில் இல்லை. கால் வீக்கம், உப்பு, இதயம், தூக்கத்தில் குறட்டையோடு வரும் மூச்சுத் தடை என்று தேட வேண்டியது வேறு இடத்தில்.

பலவீனமா, இறுக்கமா

இருமும்போது, சிரிக்கும்போது, குடம் தூக்கும்போது கசிவது, கீழே ஏதோ இறங்கி நிற்பதுபோன்ற கனம், காற்று பிரிவதை அடக்க முடியாமை எல்லாம் பலவீனத்தின் பக்கம் நிற்பவை.

இறுக்கத்தின் அறிகுறிகள் வேறு. உட்கார்ந்தும் சிறுநீர் தொடங்க நேரமாகும். விட்டுவிட்டு வரும். போய்விட்டு எழுந்ததும் இன்னும் பாக்கி இருப்பதுபோல் தோன்றும். மலம் இளக்கமாக இருந்தும் முக்க வேண்டியிருக்கும். உடலுறவில் நுழைவிடத்திலேயே வலிக்கும், அல்லது நுழையவே முடியாது. நாற்காலியில் அரை மணி உட்கார்ந்தால் வால் எலும்பில் குடைச்சல் எடுக்கும். ஆண்களுக்கு விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வலி இருக்கும், விந்து வெளியேறிய பிறகு அது கூடும். சிறுநீர் எரிகிறது என்று மூன்று முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும், யூரின் கல்ச்சர் ஒவ்வொரு முறையும் கிருமி இல்லை என்றே வருகிறது என்றால் இந்தத் தசையைச் சந்தேகிப்பது நியாயம்.

வீட்டிலேயே ஒரு சோதனை: படுத்துக்கொண்டு தசையை ஒருமுறை இறுக்கி, பின் விடுங்கள். விடும்போது ஏதோ கீழே இறங்குவது தெளிவாகத் தெரிகிறதா? இறுக்குவதும் தெரியவில்லை, விடுவதும் தெரியவில்லை என்றால் தசை ஏற்கெனவே இறுகிய நிலையிலேயே இருக்கக்கூடும். இறுகிக் கிடக்கும் தசை பெரும்பாலும் பலவீனமாகவும் இருக்கும். அதனால் கசிவும் வலியும் ஒன்றாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் தளர்வு, பிறகு பலம்.

தசையைக் கண்டுபிடிப்பது

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். காற்று பிரிவதை அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை முன்பக்கம் சிறுநீர்த் துளை வரை கொண்டுவந்து, எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே மேல்நோக்கி இழுங்கள். மேலே போவதுதான் முக்கியம். வெறுமனே இறுகினால் போதாது.

ஆண்களுக்கு இந்தச் சொல்முறை சரிவராது. ஆசனவாயை நினைத்து இறுக்கினால் பின்பக்கம்தான் வேலை செய்யும். சிறுநீரை அடைக்கும் முன்பக்கத் தசை சும்மா இருக்கும். ஆண்குறியை உடலுக்குள் இழுத்துக் குட்டையாக்குவதுபோல நினைக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் அடிப்பகுதி சற்று உள்வாங்கும், விதைகள் லேசாக மேலேறும்.

பெண்கள் கைக்கண்ணாடியில் பார்த்தால் யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள இடம் உள்ளே மேலே போக வேண்டும். வெளியே பிதுங்கினால் நீங்கள் முக்குகிறீர்கள். இது சின்னத் தவறில்லை. 1991இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்துச் சோதித்தபோது பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நாலில் ஒருவர் கசிவை வளர்க்கும் விதத்தில் செய்தார். 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிய அர்னால்ட் கெகல், விரலால் சோதித்து, அழுத்தம் காட்டும் கருவி ஒன்றையும் கொடுத்துத்தான் பயிற்றுவித்தார். அவர் பெயர் மட்டும் பிழைத்தது. அந்தச் சோதனையைப் பலர் விட்டுவிட்டோம்.

மற்ற தவறுகள்: மூச்சை அடக்குவது, பிட்டத்தை இறுக்குவது, தொடைகளை நெருக்குவது, தொப்புளை முதுகெலும்பு வரை உள்ளிழுப்பது. ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் வைத்துக்கொண்டு செய்தால் இவை மாட்டிக்கொள்ளும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு நிற்காது. யோகாவில் இதே தசையை இறுக்கிப் பிடிக்கும் மூலபந்தம் பழகியவர்கள் இதை எளிதில் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே நெடுநேரம் பிடித்து வைக்கப் பழகியவர்களுக்கு விடுவது மறந்திருக்கும், அதைக் கவனிக்க வேண்டும்.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பை சுருங்கும் நேரத்தில் வாசலை அடைக்கச் சொல்லிக்கொடுத்தால் பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

பலமில்லாத தசைக்கு அளவு

இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல் சொல்லும் குறைந்தபட்ச அளவு, ஒரு வேளைக்கு 8 சுருக்கம், நாளைக்கு 3 வேளை, 3 மாதம். அதைத்தான் பெரும்பாலான பிசியோதெரபிஸ்டுகள் அடித்தளமாக வைக்கிறார்கள். ஆனால் எல்லாருமே 10 விநாடிப் பிடியில் தொடங்க வேண்டியதில்லை. முதல் நாள் எத்தனை விநாடி நழுவாமல் பிடிக்க முடிகிறதோ அதுவே உங்கள் தொடக்கம். 3 விநாடி என்றால் 3 விநாடி பிடித்து, 6 விநாடி முழுசாக விட்டு, மறுபடி. எட்டாவது சுருக்கத்திலும் அதே பிடி இருந்தால் அடுத்த வாரம் ஒரு விநாடி கூட்டலாம். 8 முதல் 10 விநாடி வந்துவிட்டால் போதும்.

அதற்குப் பின் வேகச் சுருக்கம் 10: ஒரு விநாடியில் இறுக்கி உடனே விட வேண்டும். தும்மலைப் பிடிப்பது இந்த வேகம்தான். மெதுப்பயிற்சி மட்டும் செய்பவர்கள் "மூணு மாசமா செய்றேன், தும்மினா இன்னும் வருது" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இது.

படுத்துச் செய்வது இரண்டு வாரம், உட்கார்ந்து இரண்டு வாரம், பிறகு நின்று. படுத்த நிலையில் வயிற்றின் பாரம் தசைமேல் இல்லை. ஆனால் அழுத்தக் கசிவு பெரும்பாலும் வருவது நிற்கும்போதும் நடக்கும்போதும்தான். நின்று செய்யும் கட்டத்துக்குப் போகாமல் நிறுத்திவிட்டால் பாதிப் பலன்தான் கிடைக்கும். தினமும் எண்ணி 24 செய்வது, வாரம் ஒருநாள் நினைவு வந்து 200 செய்வதைவிட மேல். அப்படி மொத்தமாகச் செய்தால் தசை களைத்து, மறுநாள் கசிவு கூடும்.

மாற்றம் தெரிய ஆறு வாரமாவது ஆகும். அதற்குமுன் சலித்து விடுபவர்கள்தான் அதிகம். மூன்று மாதத்துக்குப் பிறகும் கசிவு மாறவில்லை என்றால் தனியாகத் தொடர வேண்டாம், பரிசோதனைக்குப் போங்கள்.

இருமலுக்கு முன்னால் ஒரு இறுக்கு

பலம் வருவதற்கு முன்பே பயன் தரும் ஒன்று உண்டு. தும்மல் வரப்போகிறது என்று மூக்கு சொல்லும் அந்த ஒரு நொடியில் தசையை இறுக்கிப் பிடித்து, தும்மி முடிந்த பிறகு விடுவது. சில நாள் பழகினாலே சொட்டு குறைவதை இதில் பார்க்கலாம். இருமல், நாற்காலியிலிருந்து எழுவது, குழந்தையைத் தூக்குவது, ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடுவது என்று எதற்கும் பொருந்தும்.

குடம் தூக்கும்போது: குடத்துக்கு அருகில் நெருங்கி, முழங்காலை மடக்கி, இறுக்கி, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். மூச்சைப் பிடித்து "ம்ம்" என்று தம்கட்டித் தூக்கினால் வயிற்றின் அழுத்தம் முழுவதும் கீழே இறங்கும். நிறைகுடம் சுமார் 15 கிலோ, தண்ணீர் கேன் 20 கிலோவுக்குக் குறையாது. கேனைத் தலைகீழாக டிஸ்பென்சரில் கவிழ்ப்பது இடுப்புத்தளத்துக்கு வீட்டு வேலைகளிலேயே மோசமானது. கையால் அழுத்தும் பம்ப் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. கருப்பை இறக்கம் உள்ளவர்கள் அதை வாங்கி வைத்துவிட்டு மீதியைப் பேசலாம்.

எடையும் இதில் சேரும். 2009இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், உடல் எடையில் சராசரி 8 சதவீதம் குறைத்த பெண்களுக்கு வாராந்திரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்த்த குழுவில் 28 சதவீதம். 75 கிலோ உள்ளவருக்கு அது 6 கிலோ.

சாவி திருப்பும் நேரத்தில் வரும் அவசரம்

வீட்டு வாசலில் சாவியைத் திருப்பும்போது, குழாய்ச் சத்தம் கேட்கும்போது பொறுக்கமுடியாமல் வருகிறதா? ஓடாதீர்கள். ஓடினால் வயிறு குலுங்கி அழுத்தம் கூடும், பையும் உச்சத்தில் இருக்கும். நின்ற இடத்திலேயே நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். ஐந்தாறு வேகச் சுருக்கம் செய்யுங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், மூளைக்கு வேறு வேலை தேவை. அலை எழுந்து ஒரு நிமிடத்துக்குள் தணியும். தணிந்த பிறகு சாதாரணமாக நடந்து போங்கள்.

இதோடு நேரப் பயிற்சி. நோட்டில் உங்கள் சராசரி இடைவெளி ஒன்றேகால் மணி என்றால் அதிலிருந்து தொடங்குங்கள். அவசரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்குத்தான் போக வேண்டும். வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டி, இரண்டரை முதல் மூன்று மணி வரை கொண்டுபோகலாம். குறைந்தது ஆறு வாரம் இதற்குக் கொடுங்கள். "கிளம்புறதுக்கு முன்னாடி ஒருதடவை போயிட்டு வந்துடறேன்" என்று ஒவ்வொரு முறையும் போவது பையைச் சின்ன அளவுக்குப் பழக்குகிறது. நெடுந்தூரப் பயணத்துக்கு முன் போவதைத் தடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்குப் போகுமுன் எதற்கு?

பள்ளியிலும் துணிக்கடையிலும் வேலை பார்க்கும் பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. அடர்ந்த சிறுநீர் பையை எரிச்சலூட்டும். அவசரம் குறையாது, மலச்சிக்கல் மட்டும் சேரும். நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், சித்திரை வெயிலில் அதற்கு மேலும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவு. காபியும் டீயும் அவசரக்காரர்களுக்கு எதிரி. ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும், வாரத்துக்கு ஒரு டம்ளர் என்று குறைக்கலாம்.

வலிக்கும் இறுகிய தசைக்கு

இங்கே கெகல் கிடையாது. குறைந்தது ஆறு வாரத்துக்கு அதை மறந்துவிடுங்கள்.

தொடக்கம் மூச்சு. தரையில் படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வையுங்கள். கைகளைக் கீழ் விலாவின் இரு பக்கமும் வைத்து, 4 எண்ணி மூக்கால் இழுங்கள், விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். 6 எண்ணி விடுங்கள். இழுக்கும்போது உட்காரும் எலும்புகள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தசைத்தளம் கீழே இறங்குவது சில நாளில் தெரிய ஆரம்பிக்கும். சிறுநீர் தொடங்கும் அந்த முதல் நொடியில் வரும் விடுபடல்தான் நாம் தேடுவது. அது முக்குவதன்று. வயிறு கெட்டியானால் முக்கிவிட்டீர்கள். காலை, இரவு ஐந்தைந்து நிமிடம்.

அடுத்து நீட்டல். மண்டியிட்டு முன்னால் குனிந்து படுக்கும் பாலாசனம், முழங்காலை அகல வைத்து, மார்புக்கு அடியில் தலையணையோடு. மல்லாந்து படுத்துப் பாதங்களைப் பிடிக்கும் ஆனந்த பாலாசனம். பாதத்தைப் பிடிக்க முடியாவிட்டால் தொடைக்குப் பின்னால் பிடித்தால் போதும். முதுகைச் சுவரில் சாய்த்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்துக் குந்தும் மலாசனம். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை மூச்சைக் கீழே அனுப்பிக்கொண்டு இருங்கள், இரண்டு முறை. பத்துக்கு மூன்றுக்கு மேல் வலித்தால் ஆழத்தைக் குறையுங்கள். வலியோடு மல்லுக்கட்டினால் தசை இன்னும் காவல் காக்கும். கருப்பை இறக்கம் உள்ளவர்கள் மலாசனத்தை விட்டுவிடலாம்.

உள்தசையைக் கையால் தளர்த்துவது மூன்றாவது. நகம் வெட்டிக் கையைக் கழுவி, சாய்ந்து உட்கார்ந்து, கட்டைவிரலை யோனிக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விடுங்கள். அந்த வாசலைக் கடிகார முகமாக நினைத்தால் 12 மணி சிறுநீர்த் துளையின் பக்கம், அதைத் தொடாதீர்கள். 3 மணியிலிருந்து 9 மணி வரை கீழ்ப்பாதியில் மெதுவாகத் தடவி, வலிக்கும் கயிறு போன்ற இடம் தட்டுப்பட்டால் அங்கே மிதமாக அழுத்தி, அசைக்காமல், 60 முதல் 90 விநாடி மூச்சோடு காத்திருங்கள். விரலுக்கடியில் இளகுவது தெரியும். தேய்க்காதீர்கள், தேய்த்தால் புண்ணாகும். கர்ப்பமாக இருந்தாலோ, தொற்று இருந்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ இது வேண்டாம்.

பிரசவத்தில் போட்ட தையல் தழும்பு வலிக்கிறது என்றால், ஆறு வாரம் கழிந்து காயம் முழுசாக மூடிய பிறகு, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை மேல், கீழ், பக்கவாட்டில் நகர்த்திப் பழக்குங்கள், தினம் ஐந்து நிமிடம். முதலில் சும்மா தொட்டுக்கொண்டிருப்பதே போதுமான வேலை. ரப்பர் ஆணுறை பயன்படுத்துபவர்கள் கவனிக்கவும், எண்ணெய் பட்டால் அது கிழியும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் பாதுகாப்பானது.

உடலுறவு முடியவே முடியாத அளவு தசை மூடிக்கொள்பவர்களுக்கு டைலேட்டர் என்னும் படிப்படியான குழாய்கள் உண்டு. சுண்டுவிரல் பருமனில் தொடங்கி, வலியில்லாமல் 10 நிமிடம் இருக்க முடிந்தால் அடுத்தது. மாதங்கள் ஆகலாம். "கல்யாணமாகி இத்தனை மாசமாச்சு" என்று வீட்டில் நெருக்கும் நேரத்தில் இதை அவசரப்படுத்தினால் வலியைப் பற்றிய பயம் திரும்பி வரும். சிகிச்சைக் காலத்தில் உடலுறவு முயற்சியை நிறுத்திவைப்பதைக் கணவரிடம் பிசியோதெரபிஸ்டே சொல்லிவிடுவது பல வீடுகளில் உதவுகிறது.

பகல் முழுக்க இறுக்கிக்கொண்டே இருந்துவிட்டு இரவில் பத்து நிமிடம் தளர்த்தினால் பலனில்லை. பல்லைக் கடிப்பது, வயிற்றை உள்ளிழுத்தே நடப்பது, கூட்டமான பஸ்ஸில் உடம்பைக் குறுக்கி நிற்பது எல்லாம் இந்தத் தசையை இறுக்கும். போனில் இரண்டு மணிக்கொரு அலாரம் வைத்து, தாடை, தோள், வயிறு, கீழ்த்தளம் என்று வரிசையாக விட்டுப் பாருங்கள். வலி மாதவிடாயோடு ஏறி இறங்கினால் தசை மட்டும் காரணமாக இருக்காது. கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

கழிப்பறையில்

குந்தும் கழிப்பறை இந்த விஷயத்தில் நல்ல வடிவமைப்பு. குந்தும்போது மலக்குடலை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் தசை தளர்ந்து வழி நேராகும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் இதைக் கொண்டுவர, 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள முக்காலியில் பாதங்களை வைத்து, முன்னால் சாய்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றுங்கள். வாயைத் திறந்து மூச்சை விட்டபடி வயிற்றை முன்னால் தளரவிடுங்கள். பொதுக் கழிப்பறையில் பட்டுவிடக் கூடாதென்று அந்தரத்தில் நின்றபடி போனால் தசை விடாது, சிறுநீர் தங்கும். இருக்கையில் தாளைப் போட்டாவது உட்காருங்கள். நேரமாகிறதென்று சிறுநீரை முக்கித் தள்ளவும் வேண்டாம்.

ஆண்களுக்குப் போய்விட்டு வந்த பிறகு பேண்ட்டில் சொட்டுவது தனி விஷயம். வளைந்த குழாயில் மிச்சம் நிற்கிறது. முடித்ததும் விதைப்பைக்குப் பின்னால் விரல் நுனிகளால் அழுத்தி, மேல்நோக்கியும் முன்னோக்கியும் இரண்டு மூன்று முறை வழித்துவிட்டால் மிச்சம் அங்கேயே வந்துவிடும்.

பிரசவமும் புராஸ்டேட் அறுவையும்

பிரசவத்துக்குப் பின், வலி அனுமதித்தால், சில நாளிலேயே மிருதுவான சுருக்கங்களைத் தொடங்கலாம். முதல் வாரங்களில் எண்ணிக்கையைவிடத் தசையை மறுபடி உணர்வதுதான் வேலை. சிறுநீர்க் குழாய் வைத்திருந்தால் எடுத்த பிறகுதான். பழைய சேலையால் வயிறு கட்டுவது பல வீடுகளில் இன்னும் உண்டு. தாங்கலாகத் தளரக் கட்டினால் கெடுதலில்லை. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே தள்ளி, தளர்ந்த தசையை இன்னும் இழுக்கும். கட்டிய பின் ஆழமாக மூச்சு இழுத்து, சிரித்துப் பாருங்கள். முடியவில்லையென்றால் அவிழ்த்துக் கட்டுங்கள். பத்தியம் என்று காய்கறியை நிறுத்துவதால் வரும் மலச்சிக்கலும் தையலுக்கும் தசைக்கும் ஒருசேரக் கேடு.

புராஸ்டேட் அகற்றப்போகும் ஆண்கள் அறுவைக்கு முன்பே தசையைக் கண்டுபிடித்துப் பழகிவிடுவது நல்லது. குழாய் உள்ளே இருக்கும்வரை நிறுத்திவைத்து, எடுத்ததும் தொடர வேண்டும். காலையைவிட மாலையில் அதிகம் கசியும். களைப்புதான் காரணம், பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், ஓராண்டு வரைகூட முன்னேற்றம் தொடரும்.

பிசியோதெரபிஸ்டிடம் என்ன நடக்கும்

எல்லா பிசியோதெரபி நிலையங்களிலும் இது செய்வதில்லை. "இடுப்புத்தளப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா, பெண்ணா, உள்பரிசோதனை செய்வாரா" என்று போனிலேயே கேளுங்கள். நகரங்களில் பெரிய மருத்துவமனைகளின் மகப்பேறு, சிறுநீரகவியல் பிரிவுகளில் விசாரித்தால் தெரியும். முதல் சந்திப்பு பெரும்பாலும் பேச்சுதான், மூன்று நாள் நோட்டு அங்கே உதவும். உள்பரிசோதனை என்பது கையுறை அணிந்த ஒரு விரலால் தசையின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவதும், இறுகிய இடங்களைத் தேடுவதும். இந்தப் பரிசோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கூட ஒருவரை வைத்துக்கொள்ளலாம். பாதியில் வேண்டாம் என்றால் நிறுத்தியாக வேண்டும். திருமணமாகாதவர்களுக்கும் விருப்பமில்லாதவர்களுக்கும் வயிற்றின் மேலிருந்தோ, யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வெளியே வைத்தோ அல்ட்ராசவுண்டில் தசை ஏறி இறங்குவதைப் பார்க்கும் வழி இருக்கிறது. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே பயிற்சி செய்வது நன்றாகவே பலன் தரும்.

மின்தூண்டுதல் எந்திரத்தை முதல் நாளே மாட்டி "பத்து சிட்டிங் வாங்க" என்றால் யோசியுங்கள். சுயமாக இறுக்கவே தெரியாதவர்களுக்கு அது தொடக்க உதவி. இறுக்கத் தெரிந்தவர்களுக்குப் பயிற்சியைவிடப் பெரிதாக எதையும் கொடுக்காது. கர்ப்பத்திலும் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் கூடாது. அவசரக் கசிவுக்குக் கணுக்கால் நரம்பைத் தூண்டும் முறை வேறு. அது வாரம் ஒருமுறை அரை மணி என்று 12 வாரம் செய்வது, மருந்து ஒத்துவராதவர்களுக்குப் பார்க்கலாம்.

மூன்று மாதம் சரியான பயிற்சிக்குப் பிறகும் அழுத்தக் கசிவு வாழ்க்கையை முடக்கினால் யோனிக்குள் வைத்துச் சிறுநீர்ப் பாதையைத் தாங்கும் சிலிகான் வளையமும் அறுவையும் அடுத்த படிகள். மாதவிடாய் நின்றவர்களுக்கு யோனியில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எரிச்சலையும் அவசரத்தையும் குறைக்கும். அதை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். அறுவை முடிவானாலும் பயிற்சியைக் கைவிட வேண்டாம். அறுவைக்கு முந்தைய நாள் வரையும், மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து மறுபடியும், அதே 8, அதே 3 வேளை.